இருபத்திரண்டு பல்

சடையனுக்கு நெஞ்சில் கோளாறு என்பது ஆஸ்பத்திரி டாக்டரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. கட்டிய பெண்டாட்டி ஆதியம்மாளுக்கே தெரியாது. மேட்டில் சைக்கிள் மிதிக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நன்றாகச் சொன்னார் போங்கள்! தேவனேரிக் கரையில் விடிகாலையில் மீன்கூடையைக் கேரியரில் கட்டிக்கொண்டு செங்கல்பட்டு மார்க்கெட்டுக்குப் போகிறவன், மேட்டில் மிதிக்காமல் பறந்தா போவான்?

திருக்கழுக்குன்றம் தாண்டி வருகிற அந்த மேடு பார்வைக்கு ஒன்றுமில்லை. லாரிக்காரன் கியரை மாற்றிக்கொண்டு போய்விடுவான். ஐஸும் மீனுமாக ஓர் ஆள் கனத்தைப் பின்னால் வைத்து மிதிக்கிறவனுக்குத்தான் அதன் யோக்கியதை தெரியும். இறங்கித் தள்ளலாமே என்றால், அங்கேதான் வில்லங்கம். மேட்டில் இறங்கித் தள்ளினவனின் கூடையை மறுநாள் வேறு ஆள் தூக்குவான். மீன் கொடுத்தனுப்புகிற படகுக்காரர் பூவராகவன் வைத்த சட்டம் அது. தள்ளினால் நேரமாகும், நேரமானால் மீன் இளகிவிடும். அந்த மனுஷரையும் குற்றம் சொல்ல முடியாது.

அதனால் சடையன் ஒரு மத்தியானம் சைக்கிள் கடை அப்பாசாமியிடம் போய் நின்றான். அப்பாசாமி பின்சக்கரத்தில் செயின் ஓடுகிற பல்சக்கரத்தை, அந்தப் பதினெட்டுப் பல் ஃப்ரீவீலைக் கழற்றிவிட்டு, இருபத்திரண்டு பல் வைத்ததை மாட்டினான். செயினையும் நீட்டிக் கொடுத்தான்.

"மேட்டுல சொம்மா ஏறும் நைனா. ஆனா சமதரையில காலு பம்பரமா சுத்தணும். வண்டி மெதுவாத்தான் போவும்."

மறுநாள் காலையில் அப்படித்தான் ஆயிற்று. மகாபலிபுரம் தாண்டின சமதரையில் மற்ற சைக்கிள்கள் நிதானமாகப் போய்க்கொண்டிருக்க, சடையனின் கால்கள் மட்டும் பேய் பிடித்த மாதிரி சுற்றின. ஆதியம்மாளின் தம்பி சீனு, அவனும் மீன்கூடைக்காரன்தான், பக்கத்தில் வந்து உற்றுப் பார்த்தான்.

"இன்னா மாமா, காலு இந்தச் சுத்து சுத்துது, வண்டி நகரவே மாட்டேங்குது?"

முன்னால் போனவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். சடையன் வாயில் வந்ததைச் சொல்லிவைத்தான்.

"பெரிய பல்லு போட்டுகீறேன்டா. லோடு ஜாஸ்தி ஏத்தலாம்னு."

வந்ததே வினை! அந்தப் பக்கத்தில் பெரிய பல் போடுகிறவன் எல்லாம் நெல்மூட்டைக்காரனும் விறகுக்காரனும்தான். கனம் ஏற்றத்தான் போடுவார்கள். மூச்சு வாங்குகிறதே என்று எவனாவது போட்டதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. ஆகவே அத்தனை பேரும் நம்பினார்கள். சடையனும் அன்றைக்கு மேட்டில் உட்கார்ந்தபடியே ஏறினான். உச்சியில் நெஞ்சு அடங்கியே இருந்தது. பிழைத்தேன்டா சாமி என்று அவன் வாய்விட்டே சொன்னான்.

அடுத்த நாள் கரையில் பூவராகவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார்.

"பெரிய பல்லு போட்டுகீறியாமே? என்னாண்ட சொல்லக்கூடாதா? இனிமே ஒனக்கு ரெண்டு கூடை."

கூடைகள் ஏறிவிட்டன. வேண்டாம் அண்ணாத்த என்று சொல்லத்தான் சடையன் வாயைத் திறந்தான். ஏன் என்று அவர் கேட்பாரே, அதற்கு என்ன சொல்வது? திறந்த வாயை மூடிக்கொண்டு மிதித்தான்.

பாதி மேட்டில் கண் இருட்டியது. நெஞ்சுக்குள் யாரோ கயிறு போட்டு இறுக்கினார்கள். இறங்கக்கூடாது, இறங்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே இறங்கிவிட்டான். ஹாண்டில்பாரில் தலையைச் சாய்த்து நின்றவனை மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள். சீனு மட்டும் திரும்பி வந்தான்.

"மாமா, இன்னா ஆச்சு?"

"மூச்சு இல்லடா. டாக்டரு மேடே ஏறாதேன்னாரு. அதுக்குத்தான் இந்தப் பல்லு."

சீனு திட்டவில்லை. மேல்கூடையை அவிழ்த்துத் தன் சைக்கிளில் கட்டினான்.

"இன்னிக்கே அக்காகிட்ட சொல்லிடு. நீ சொல்லலன்னா நான் சொல்லுவேன். பாத்தவனுங்க சாயந்தரத்துக்குள்ள பூவராகவன்கிட்ட ஓதிடுவானுங்க."

வீட்டுக்குள் நுழையும்போதே ஆதியம்மாளின் முகம் பூரித்திருந்தது.

"ரெண்டு கூடையாமே! கரையில எல்லாரும் அதான் பேசிக்கினு கீறாங்க. யோவ், நான் ஒண்ணு பண்ணிட்டேன், திட்டாதே. இனிமே நமக்கு எதுக்குன்னு என் கூடையை சாராளுக்குக் குடுத்துட்டேன். நான் விக்கிற ஊருங்களையும் அவளுக்கே வுட்டுட்டேன்."

கல்யாணமான நாளாக அவள் தலைக்கூடையோடு உள்ளூர்க் கிராமங்களில் மீன் விற்றுக்கொண்டிருந்தாள். ராத்திரியில் கழுத்தைத் திருப்ப முடியாமல் முனகுவாள். மீன்காரப் பெண்களுக்குள் இன்ன கிராமம் இன்னாருக்கு என்று பேச்சு உண்டு. விட்டுக்கொடுத்த ஊரைத் திருப்பிக் கேட்பது கிடையாது. கேட்டால் காறித் துப்புவார்கள்.

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாமா என்று சடையனுக்கு ஆசையாக இருந்தது. பாவம், ஒரு ராத்திரியாவது சந்தோஷமாக இருக்கட்டுமே. ஆனால் நாளையிலிருந்து கூடை இல்லை என்று சொல்ல பூவராகவனின் ஆள் எந்த நிமிஷமும் வந்துவிடுவான்.

"ஆதி, என் நெஞ்சு கெட்டுப்போச்சு. கூடை தூக்க முடியாது. ரெண்டு இல்ல, ஒண்ணுகூட முடியாது."

எல்லாவற்றையும் சொன்னான். அவள் கேட்டு முடித்துவிட்டு அவன் தோளில் ஓங்கி ஒரு அறை விட்டாள்.

"மேட்டுலயே செத்திருந்தா நான் இன்னாய்யா பண்ணுவேன், பாவி! பல்லு மாத்தினானாம் பல்லு!"

அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, முடியை அள்ளிக் கொண்டை போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"எங்கடி போற?"

"சாராள் வூட்டுக்கு."

"குடுத்ததைத் திருப்பிக் கேக்கவா? துப்புவாளுங்கடி!"

"துப்பட்டும்."

சடையன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். நாலு வீடு தள்ளி சாராள் வாசலில் பெண்கள் கூடிவிட்டார்கள். யாரோ சிரித்தார்கள், யாரோ கையை நீட்டிச் சத்தம் போட்டார்கள். வாய்க்கு வாய் பேசுகிற ஆதியம்மாள் ஒரு வார்த்தை பேசாமல் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவள் அப்படி நின்று சடையன் பார்த்ததே இல்லை.