வீட்டில் வாசிக்க வேண்டிய பாடம்

இனப்பெருக்கப் பாடம் வந்தால் எனக்கு இருமல் வந்துவிடும். பதினெட்டு வருடமாக வாவிக்கரைப் பழுகாமத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பூவின் மகரந்தம்வரை வீரமாகப் போவேன். மனிதர் வந்ததும், "மிச்சத்தை வீட்டில் வாசியுங்கள்" என்று புத்தகத்தை மூடிவிடுவேன்.

இரண்டாயிரத்தோராம் ஆண்டு வைகாசியில் என் மாணவி புஸ்பத்துக்குத் தாலி ஏறியது. வயது பதினைந்து. கல்யாணம் முடித்த பெண்களை இயக்கம் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போகாது என்று ஊரில் ஒரு நம்பிக்கை. தகப்பன் வல்லிபுரம் ஒரே கிழமையில் எல்லாவற்றையும் முடித்தார். நானும் போய் மூன்று தரம் பாயசம் வாங்கிக் குடித்தேன்.

ஆனியில் ஒருநாள், பள்ளிக்கூடம் விட்டபின் அவள் வந்து நின்றாள்.

"சேர், டிசம்பர்ல ஓ.எல். சோதனை எழுதோணும். அதுவரைக்கும் புள்ள தங்காம இரிக்க என்ன செய்யிற?"

இருமினேன். "புருசன்காரன் என்ன சொல்றான் மனே?"

"அவருக்கும் ஒண்டும் தெரியாது சேர். அவரும் உங்கட வகுப்புத்தானே."

சனிக்கிழமை வள்ளமேறி வாவியைக் கடந்தேன். ஆமியின் சோதனைச் சாவடி தாண்டி, குடும்ப மருத்துவிச்சி அன்னப்பூரணியிடம் போய், கருத்தடைக் குளிசை கேட்டேன்.

"ஆருக்கு சேர்?"

"என்ர மாணவிக்கு" என்றேன். அவள் பார்த்த பார்வையில் வேர்த்து, முழுக் கதையையும் கொட்டினேன்.

"கல்யாணம் பதிஞ்சாச்சா?"

"பதினெட்டு ஆகல்லியே."

"அப்ப என்ர பதிவுக் கொப்பியில அவ பள்ளிக்கூடப் புள்ள. குளிசை குடுக்க எனக்கு ஏலா சேர்." குரல் தணிந்தது. "உண்டாகினாப் பிறகு கூட்டி வாங்க. அப்ப கர்ப்பிணி காட் போட்டுத் தரலாம்."

திரும்பும் வழியில் முழுப் பாடத்தையும் மனதுக்குள் ஒப்பித்தேன். எதையும் விடாமல் அன்றே அவளுக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு.

புஸ்பம் துறையிலேயே காத்திருந்தாள்.

"இனித் தேவைப்படாது போல சேர். நாலு நாளாச் சோத்து மணத்துக்கே குமட்டிச் சத்தி வருகுது."

விரல் மடித்துப் பார்த்தேன். டிசம்பரில் ஏழு மாதம்.

"சோதனைக்கு விடுவாங்களா சேர்?"

"ஏன் விடாம? பெரிய மேசையாப் போடச் சொல்றன்" என்றேன். என் பேச்சைக் கேட்டு வகுப்பில் ஒரு வாங்குப் பலகையைக்கூட நகர்த்த ஆளில்லை.

"முன் வரிசையில போடச் சொல்லுங்க சேர்" என்றாள் அவள்.