சூறாவளிக்கு ஒரு வாய்க்கூடு

சூறாவளி ஓடுவதற்கென்றே பிறந்த நாய். கண்ணில் பட்டதை முதலில் விழுங்கிவிட்டு, அது என்னவென்று பிறகுதான் யோசிக்கும். அப்படி யோசிக்காமல் விழுங்கியது பாத்திரம் தேய்க்கும் பஞ்சு. வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

தையல் பிரித்த அன்று மருத்துவர் கண்டிப்பாகச் சொன்னார். "வெளியில கூட்டிட்டுப் போனா வாய்க்கூடு போடுங்க. இன்னொரு ஆபரேஷனை இது தாங்காது."

வீட்டில் இருந்தது இரண்டே பேர். பல்செட் தயாரிக்கும் கூடத்தில் வேலை பார்க்கும் மருமகள், ரயில் ஓட்டி ஓய்வு பெற்ற மாமனார். கப்பலில் வேலை செய்யும் மகன்தான் நாய்க்குட்டியைத் தூக்கிவந்து கொடுத்துவிட்டுக் கடலுக்குப் போனவன். "எனக்குத் துணைக்கு நாயா?" என்று முகம் சுளித்த மாமனார், இப்போது தன் சாய்வு நாற்காலியை அதற்கு விட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து செய்தி பார்க்கிறார்.

வாய்க்கூடு வாங்கவும் அவரே போனார். கம்பிக்கூடுகளைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. "செல்லத்தை ஜெயில்ல போட்ட மாதிரி இருக்கும்மா" என்று சொல்லி, மெத்தென்ற நீலத் துணி உறை ஒன்றை வாங்கி வந்தார். மூக்கை மட்டும் வெளியே விட்டு வாயை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் வகை. அழகாகத்தான் இருந்தது.

மறுநாள் பூங்காவில் பந்தை வீசினார்கள். சூறாவளி வழக்கம்போலப் பறந்தது. சில ஓட்டங்களுக்குப் பிறகு பந்தைத் தொடாமல் நின்றது. பின்னங்கால்கள் தள்ளாடின.

"மாமா, உறையைக் கழட்டுங்க!" மருமகள் ஓடினாள். அவர் நாயின் காதுக்குப் பின்னால் தடவி இழுத்தார். கொக்கி வரவில்லை. அவளே பிடுங்கி எறிந்தாள். உள்ளே ஈறு செக்கச்செவேலென்றிருந்தது. நிழலுக்குத் தூக்கிப் போய், குடிதண்ணீரை வயிற்றிலும் பாதங்களிலும் ஊற்றி, ஆட்டோ பிடித்து மருத்துவரிடம் ஓடினார்கள்.

நாய் பிழைத்துக்கொண்டது. "இந்தத் துணி உறையெல்லாம் ஊசி போடற நேரத்துக்கு" என்றார் மருத்துவர். "நாய் வாயைத் திறந்து மூச்சு வாங்கினாத்தான் உடம்புச் சூடு இறங்கும். ஓடற நாய் வாயை இறுக்கிக் கட்டலாமா?"

அன்று மாமனார் சாப்பிடவில்லை. தரையில் நாயின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"நான்தாம்மா கொல்லப் பாத்தேன்."

"அழகா இருக்குன்னு நானும்தானே சொன்னேன்? பாதிப் பழி எனக்கு. எழுந்திரிங்க மாமா, ரசம் ஆறுது."

நாய் தேறியதும் மருமகள் அளவு நாடாவை எடுத்தாள். "வாய் மூடியிருக்கறப்ப அளந்து புண்ணியமில்ல. பல்செட்டு கொட்டாவி விடறப்ப கழண்டா நான் வாங்கற பேச்சு எனக்குத்தான் தெரியும். இவன் வாயைத் திறந்து மூச்சு வாங்கணும், அப்பதான் அளக்கணும்."

மூச்சு வாங்க வைக்கும் பொறுப்பு மாமனாருக்கு. பந்தோடு மேசையைச் சுற்றி ஓடினார். கடைசியில் நாயைவிட அவருக்குத்தான் அதிகம் இரைத்தது. மருமகள் சிரித்துக்கொண்டே மூக்கின் நீளத்தையும், திறந்த வாயின் சுற்றளவையும் எடுத்தாள்.

கடைக்கு நாயும் போனது, கூடவே அதன் தண்ணீர்க் கிண்ணமும். கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டிய கூடு கண்ணுக்கு அடியில் உரசியது. அடுத்ததில் மூக்கு நுனி முட்டியது. மூன்றாவது, ரப்பர் பூசிய கம்பிக்கூடை. மாமனார் அதை வாங்கித் தன் முகத்தில் வைத்து வாயை ஆவென்று திறந்து பார்த்தார்.

"தாராளமா இருக்கும்மா. பேசக்கூட முடியுது."

"நீங்க பேசறதுக்கா வாங்கறோம்?" என்றாள் அவள். கடைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார்.

சூறாவளி அதைப் போட்டபடியே தண்ணீர் குடித்தது. கம்பி இடுக்கில் நீட்டிய பிஸ்கட்டையும் நக்கி இழுத்துக்கொண்டது. காதுக்குப் பின்னால் வாரை மாட்டி, ஒரு விரல் நுழையும் அளவுக்கு மட்டும் தளர்வு விட்டாள் மருமகள். முன்காலால் பிராண்டிப் பார்த்தது; கழலவில்லை.

உடனே தெருவுக்கு இழுத்துப் போகவில்லை. தினமும் கூட்டுக்குள் கொஞ்சம் வெண்ணெய் தடவி மாமனார் கையில் பிடித்துக்கொள்வார். முதலில் எட்டி நின்று முகர்ந்த சூறாவளி, பிறகு மூக்கை உள்ளே விட்டது. கடைசியில் கூட்டை எடுத்தாலே ஓடிவந்து தானே முகத்தை நுழைத்தது.

வெளியே போன முதல் நாள், எதிரே வந்த பெண்மணி ஒதுங்கி நின்றார். "ரொம்பக் கடிக்குமோ?"

"கடிக்கவே கடிக்காதுங்க" என்றார் மாமனார். "அப்படியே முழுங்கிடும்!"

அந்த அம்மாள் இன்னும் இரண்டடி பின்வாங்கியதும்தான் தான் சொன்னது அவருக்கு உறைத்தது. மருமகள் விழுந்து விழுந்து சிரித்தாள். சூறாவளி அதற்குள் குப்பைத் தொட்டியடியில் கிடந்த பழைய செருப்பைக் கவ்வப் பார்த்து, கம்பி தடுத்ததும் பெருமூச்சு விட்டு மாமனாரை அண்ணாந்து பார்த்தது.

"என்னை ஏன்டா பாக்கறே? உங்க அண்ணியைக் கேளு" என்று சொல்லிவிட்டு, அவர் பையிலிருந்து பந்தை எடுத்தார்.