பதினோராம் நம்பருக்கு அம்மை

நான் பெயர் சொல்லி அட்டெண்டன்ஸ் எடுக்கிற ஆள் இல்லை. ஐம்பத்து மூன்று பெயரை யார் தினமும் வாசிப்பது? நம்பர் சொல்வேன், "உள்ளேன் டீச்சர்" என்று குரல் வரும், போனில் ஒரு அழுத்து அழுத்திவிட்டு போர்டு பக்கம் திரும்பிவிடுவேன். ரிஜிஸ்டர் போய்ப் போன் வந்ததைத் தவிர, பதினெட்டு வருடமாக என் கெமிஸ்ட்ரி வகுப்பு இப்படித்தான் ஓடுகிறது.

போன தை மாதம் பதினொன்றுக்குக் குரல் வரவில்லை. "அவளுக்கு அம்மை போட்டிருக்கு டீச்சர்" என்றாள் பக்கத்தில் உட்காருகிறவள். எங்கள் பக்கம் அம்மை என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் கேள்வி கிடையாது. வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் சொந்தக்காரனே அப்படியே திரும்பிப் போய்விடுவான். நான் மட்டும் போய் எட்டிப் பார்ப்பேனா? ஆப்சென்ட், ஆப்சென்ட் என்று இருபது நாள் அழுத்தினேன்.

மாசியில் பஸ் ஸ்டாப்பில் ஒரு பிள்ளை போனை நீட்டிக் கல்யாணப் போட்டோ காட்டினாள். மாலையும் கழுத்துமாகப் பதினொன்று. பதினாறு வயது. இலக்கியா என்கிற பெயரையே போட்டோவுக்குக் கீழே எழுதியிருந்ததைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். முகத்தை எவ்வளவு நேரம் பார்த்தும் என் வகுப்பில் எந்த மூலையில் உட்கார்ந்திருந்தாள் என்று ஞாபகம் வரவில்லை. "நடந்தது நடந்துபோச்சு, விடுங்க டீச்சர்" என்றார் ஹெச்.எம். இளையபெருமாள். விட்டுவிட்டேன். அழுகை வரவில்லை. அன்று மத்தியானம் டப்பாவில் இருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிடவும் செய்தேன். உள்ளே எதுவோ மரத்துப்போய்விட்டது, அவ்வளவுதான்.

இந்த ஜூனில், ஒரு வெள்ளிக்கிழமை, ஹெச்.எம். ஒரு தாளோடு வந்தார்.

"பிளஸ் ஒன்னுக்குப் புதுப் பிள்ளைங்க டீச்சர். பாடாலூரு, வாலிகண்டபுரம், அரும்பாவூருன்னு நாலு பக்கமும் இருந்து வந்திருக்குதுங்க. ஒருத்தர ஒருத்தர் தெரிஞ்சிக்கிற மாதிரி விளையாட்டு ஒன்னு வைக்கணுமாம். வச்சுட்டு மறக்காம போட்டோ எடுத்து குரூப்ல போட்டுடுங்க."

கருமம். போட்டோவுக்காக ஒரு விளையாட்டு. தாளில் இருந்ததை அப்படியே சொன்னேன். இரண்டு இரண்டு பேராக உட்காருங்கள். பெயரும் ஊரும் கேளுங்கள், பிடித்த சாப்பாடு கேளுங்கள், இந்த வகுப்பில் யாருக்கும் தெரியாத ஒரு விஷயம் கேளுங்கள். ஐந்து நிமிடம் கழித்து அவரை இவரும் இவரை அவரும் எல்லோருக்கும் அறிமுகப்படுத்த வேண்டும். வகுப்பு சந்தைக்கடையாகிவிட்டது. போட்டோ எடுத்து குரூப்பில் போட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

ஒரு பெண் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எனக்கு ஜோடி இல்ல டீச்சர்."

ஐம்பத்து மூன்று ஒற்றைப்படை. அது எனக்குத் தோன்றவேயில்லை. "சரி, என்கூட உக்காரு. உன் நம்பர் என்ன?"

"பதினொன்னு."

அவளை நிமிர்ந்து பார்த்தேன். பெயர் இனியாவாம். அரும்பாவூர் தாண்டி மூன்று கிலோமீட்டர். கருவாட்டுக் குழம்பு பிடிக்குமாம்.

"யாருக்கும் தெரியாத விஷயம்?"

மேசை விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னாள். "வர்ற திங்கக்கிழமைலேர்ந்து எனக்கு அம்மை போடும் டீச்சர்."

"அடியே, அம்மை என்ன நாள் பாத்தா வரும்?"

"எங்க அக்காவுக்கு அப்படித்தான் வந்துச்சு. தையில. நீங்கதான் அக்காவுக்கும் கெமிஸ்ட்ரி எடுத்தீங்க." அவள் குரலில் கோபம்கூட இல்லை. என்னைப் போலவே மரத்துப்போன குரல். விளையாட்டின் விதியை மறக்காமல் அடுத்து அவள் கேட்டாள். "உங்களுக்கு என்ன சாப்பாடு புடிக்கும் டீச்சர்?"

"தயிர்சாதம்" என்றது என் வாய்.

அறிமுகப் படலம் ஆரம்பித்தது. தூக்கத்தில் கபடி ஆடுகிறவன், பேய்க்குப் பயந்து விளக்குப் போட்டுத் தூங்குகிறவள் என்று ஒரே சிரிப்பு. எங்கள் முறை வந்ததும், "இவ இனியா. கருவாட்டுக் குழம்பு பிடிக்கும். மூணாவது விஷயத்த நான் அப்புறம் சொல்றேன்" என்றேன். "ஏமாத்து, ஏமாத்து!" என்று கத்தினார்கள்.

மணி அடித்ததும் ஆபீஸ் ரூமில் நின்று குழந்தைகள் உதவி எண் 1098 அழுத்தினேன். ஹெச்.எம். பதறினார். "குடும்ப விசயம் டீச்சர், நமக்கெதுக்கு வம்பு?"

"போட்டோ குரூப்ல போட்டாச்சு சார். நீங்க அத பாருங்க" என்றேன்.

மறுநாள் காலை ஜீப்பில் போனோம். குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரி பொன்னுத்தாய், ஒரு பெண் போலீஸ், நான். அந்த வீட்டு நிலையில் வேப்பிலை பச்சைப்பசேலென்று தொங்கியது. திங்கள்வரைகூடப் பொறுக்கவில்லை. பொன்னுத்தாய் சட்டென்று நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஒருவேளை நெசமாவே போட்டிருந்தா?" என்றார். பொய் சொல்ல மாட்டேன், என் காலும் நின்றுவிட்டது. பிறகு செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு, வேப்பிலையை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

கூடத்தில் முகமெல்லாம் மஞ்சளும் கை நிறையப் புது வளையலுமாக உட்கார்ந்திருந்தாள். உடம்பில் ஒரு கொப்புளம் இல்லை.

"இனியா" என்று கூப்பிட்டேன்.

"உள்ளேன் டீச்சர்" என்று பழக்கத்தில் எழுந்து நின்றாள்.

அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பொன்னுத்தாய் அப்பாவிடம் சட்டம் சொல்ல ஆரம்பித்தார். நான் இனியாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுப்படியிலிருந்து ஒருத்தி ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். நாலைந்து மாத வயிறு, கண்ணைச் சுற்றிக் கருவளையம்.

வாங்கிக் குடித்தேன். "நீ யாரும்மா, இவளுக்குச் சித்தியா?" என்று கேட்டேன்.

அவள் சொம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"போன வருசப் பதினொன்னு டீச்சர்."