தூரம் அடிக்கிற டார்ச்

தம்பி கவினின் கால் நகங்களில் அப்பியிருந்த பாசியைப் பிரவீனா ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். பிரேதப் பரிசோதனை முடித்துச் சுற்றிக் கொடுத்த வெள்ளைத் துணிக்கு வெளியே முகமும் பாதங்களும்தான் தெரிந்தன. அப்பா திருமூர்த்தி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

கவினோடு ரோந்து போன போலீஸ்காரன் சாய்குமார் நடந்ததைச் சொன்னான். உடுமலைப்பேட்டைப் பக்கம் தோட்டத்து வீடுகளில் திருட்டு அதிகம். தென்னந்தோப்புக்குள் எவனோ ஓட, கவின் டார்ச் அடித்தபடி துரத்தியிருக்கிறான். நடுவில் சுற்றுச்சுவர் இல்லாத கிணறு.

பிரவீனாவுக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. "லைட்டு அணைஞ்சு போச்சுங்களா?"

"இல்லீங்க்கா. தண்ணிக்குள்ளயும் எரிஞ்சுட்டேதான் கெடந்துச்சு. அத வெச்சுத்தான் ஆளையே கண்டுபிடிச்சோம்."

"நல்லதாப் பாத்துத்தான் வாங்கிக் குடுத்திருக்கறே அம்மணி" என்றார் அப்பா.

ஸ்டேஷனில் கொடுத்த டார்ச் தட்டினால்தான் எரிகிறது என்று கவின் சொன்னதால், கோயம்புத்தூரில் கடை கடையாக ஏறி அவள்தான் வாங்கினாள். கடைக்காரர் இரண்டை எடுத்தார். தரையில் போட்டார், வாளித் தண்ணீரில் முக்கினார். இரண்டுமே அணையவில்லை. ஒன்றின் வெளிச்சம் பக்கத்தில் பரவலாக விழுந்தது. நடந்து திரிகிறவர்களுக்கு அதுதான் சரி என்றார். மற்றதன் ஒளி ஊசி போல நெடுந்தூரம் போனது. திருடன் தூரத்திலேயே தெரிந்துவிட்டால் தம்பி கிட்டப் போக வேண்டியிருக்காது என்று அவள் அதை எடுத்தாள்.

முதல் ரோந்து முடித்துக் கவின் போனில் சிரித்தான். "தென்ன உச்சீல இருக்கற ஆந்தயெல்லாம் தெரியுதுக்கா. என்ற செருப்புத்தான் தெரிய மாட்டேங்குது."

பழகிவிடும் என்றாள்.

சாய்குமார் தயங்கினான். ஸ்டேஷனில் மற்றவர்களும் அதையே வாங்கலாம் என்று பேசிக்கொண்டார்களாம். "எந்தக் கடைங்க்கா?"

கடையின் பெயர் நாக்கு நுனியில் நின்றது. அதைச் சொல்லிவிட்டால் போதும். அப்பா ஒன்றும் அறியாமலே இருந்துவிடுவார்.

"அது வேண்டாமுங்க" என்றாள். "தூரத்துக்குத்தான் அடிக்கும். காலடி தெரியாதுங்க."

சாய்குமார் தலையைத் தாழ்த்திக்கொண்டான். உள்ளறையில் பெண்களின் ஒப்பாரி ஓய்ந்து, மறுபடி தொடங்கியது.

அப்பா சுவரைப் பிடித்து எழுந்தார். அவளைப் பார்க்கவில்லை.

"பாடைக்கு மூங்கில் வெட்டறாங்க. போய்ப் பாத்துட்டு வாரேன்."

ஆள் இருக்கிறது, நீங்கள் உட்காருங்கள் என்று வாசலில் யாரோ சொன்னது கேட்டது. அவர் ஒரு மூங்கிலின் நுனியைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்கு முதுகைக் காட்டியபடி வெயிலில் நின்றார்.