பிலோமினா ஆன்டியின் ஜிகினா சேலை

பிலோமினா ஆன்டி எனக்குப் பெண் கொடுப்பாரா மாட்டாரா என்று தெரியாமல் நான் தவித்துக்கொண்டிருந்தபோதுதான், அவருடைய சேலை ஒரு மென்பொருளைக் கவிழ்த்தது.

அவர் மகள் குளோரியாவும் நானும் விரும்புவது ஆன்டிக்குத் தெரியும். என் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு, பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போய்ப் பெண் கேட்டும் ஆயிற்று. கேசரி கொடுத்தார், டீ கொடுத்தார், பதில் மட்டும் கொடுக்கவில்லை. "பார்ப்போம் லா, காலேப்" என்றார். அந்தப் 'பார்ப்போ'மைப் பிடித்துக்கொண்டு நான் மாதக்கணக்கில் தொங்கினேன்.

அப்போது கிள்ளானிலிருந்து பிரவின் கூப்பிட்டான். கல்யாண வீடியோ எடுப்பவன். ஆன்டியின் தங்கை மகன் கல்யாணத்தைக் கிள்ளானை ஒட்டிய மேருவில் ஒரு மண்டபத்தில் எடுத்திருந்தான்.

"ப்ரோ, சாப்பாடு முடிஞ்சு எல்லாரும் கெளம்புற சீன்ல வீடியோ பட்டுனு செத்துடுது. எந்த லேப்டாப்ல போட்டாலும் அதே இடம்தான். மாப்பிள்ளை வீட்டுல இன்னும் வீடியோ குடுக்கலன்னு என்னைப் போட்டு ஏசுறாங்க லா."

என்னிடம் வந்ததற்குக் காரணம் உண்டு. வார நாள்களில் எனக்கு ஆபீஸ் வேலை. வார இறுதியில் சம்பளமில்லாத இன்னொரு வேலை: வீடியோ கோப்பைப் பிரித்துப் படமாக்கும் ஓர் இலவச மென்பொருளில் பிழை திருத்துவது. உலகத்தில் யார் யாரோ சேர்ந்து அதை எழுதுகிறார்கள். முகம் தெரியாதவர்களோடு சண்டை போட இதைவிட நல்ல இடம் கிடையாது.

கோப்பைத் திறந்தேன். மண்டப வாசலில் ஒரு மேசை. அதில் ஜிகினாத் தாள் சுற்றிய டோர் கிஃப்ட் பெட்டிகள், கிளம்பும் விருந்தாளிக்கு ஆளுக்கு ஒன்று. உடம்பெல்லாம் மின்னும் சேலையில் பிலோமினா ஆன்டி வந்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். ஒரு பெட்டி கைப்பைக்குள் போனது. பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் கை எது, பெட்டி எது என்று தெரியாத வேகம். ஆன்டி மறுபடி குனிந்தபோது மென்பொருள் செத்துப்போனது.

வயிறு வலிக்கச் சிரித்தேன். பிறகுதான் இது யார் என்பது உறைத்தது. ஆன்டி தேவாலயப் பெண்கள் சங்கத்தின் தலைவி. எந்தப் பந்தியில் யார் இரண்டாம் தடவை பாயசம் கேட்டார்கள் என்பதுவரை விசாரித்துத் தீர்ப்புச் சொல்பவர். அவருடைய மானம் இப்போது என் லேப்டாப்பில் இருந்தது.

பிழை புரிந்துவிட்டது. படத்தின் ஒரு வரிசைக்கு இவ்வளவு இடம் போதும் என்று யாரோ கணித்து, நினைவகத்தில் ஒதுக்கியிருந்தார்கள். அந்தப் புண்ணியவான் பிரிக்பீல்ட்ஸ் தீபாவளி மலிவு விற்பனைச் சேலையைப் பார்த்ததில்லை. சேலை மின்ன, பெட்டி மின்ன, இரண்டும் வேகமாக அசைய, விவரம் அளவுக்கு மீறிப்போய், நம் இலையில் ஊற்றிய சாம்பார் பக்கத்து இலைக்குள் ஓடுவதுபோல, அடுத்தவனுக்கு ஒதுக்கிய இடத்தில் போய்க் கொட்டியது. இதை ஒரு திருடன் கண்டுபிடித்தால் வீடியோ ஒன்றை அனுப்பியே பிறர் கணினிக்குள் புகுந்துவிடலாம்.

திருத்தம் மூன்றே வரி. ஆனால், பிழையைக் காட்டும் மாதிரிக் கோப்பு இல்லாமல் ஏற்க மாட்டோம் என்றார் அந்த மென்பொருள் திட்டத்தைப் பராமரிக்கும் அம்மாள். அந்தக் கோப்பு இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி என்றென்றும் அங்கேயே இருக்கும். ஆன்டியின் முகத்தை மறைத்துப் புதிதாகச் சேமித்தால் பிழை ஓடிப்போகிறது. வெட்டிச் சுருக்கினால் மிஞ்சுவது அந்தத் திருட்டு மட்டும்தான். நானாக ஒரு கோப்பைச் செய்து பார்த்தேன், மென்பொருள் சாக மறுத்தது. கோப்பைப் போட்டால் குளோரியா எனக்கில்லை. போடாவிட்டால் ஓட்டை அப்படியே கிடக்கும்.

அந்தக் காட்சியை வெட்டிவிட்டுக் கொடு, யாரிடமும் மூச்சு விடாதே என்று பிரவினின் வாயை அடைத்துவிட்டு, குளோரியாவிடம் மட்டும் சொன்னேன். அவள் சோபாவில் உருண்டு உருண்டு சிரித்தாள். பிறகு, அதையே முகமில்லாமல் மறுபடி எடுக்கலாம் என்ற யோசனையும் அவளே சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆன்டி சங்கக் கூட்டத்துக்குப் போனதும், பிரவினின் கேமராவோடும் விளக்கோடும் அவர் வீட்டுக்குப் போனேன். குளோரியா அம்மாவின் சேலையைக் கட்டிக்கொண்டாள். அலமாரியைத் திறந்து, பிரிக்காத டோர் கிஃப்ட் பெட்டிகளை எடுத்து மேசையில் அடுக்கினாள். கழுத்துக்குக் கீழே மட்டும் படம் பிடித்தேன். மென்பொருளில் போட்டேன். சாகாமல் ஜம்மென்று ஓடியது. மறுபடி எடுத்தோம், மறுபடியும் ஓடியது.

"என்னடி பண்றே என் சேலையில?"

வாசலில் ஆன்டி. கூட்டம் சீக்கிரம் முடிந்துவிட்டதாம். இனி மறைத்துப் பயனில்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். மேசை, பெட்டி, சேலை, ஓட்டை, எல்லாம்.

ஆன்டி நாற்காலியில் உட்கார்ந்தார். "வர முடியாதவங்களுக்குக் குடுக்கலாம்னு எடுத்தேன்."

"யாருக்குமே குடுக்கலையேம்மா" என்றாள் குளோரியா.

"நீ வாய மூடு." என் பக்கம் திரும்பினார். "அந்த வீடியோவ எங்க போட்டே?"

"எங்கயும் போடல ஆன்டி. உங்கள கேக்காம போட மாட்டேன்."

"யார் யார் பார்த்தீங்க?"

"நான், குளோரியா, பிரவின். வேற யாரும் இல்ல."

ஆன்டி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். "கல்யாணத்துல அந்த வீடியோ லைட்டு மூஞ்சில அடிச்சப்பவே மாட்டிக்கிட்டேன்னு தெரிஞ்சிருச்சுப்பா. சங்கத்துல இன்னிக்குப் பேசுவாளுங்க, நாளைக்குப் பேசுவாளுங்கன்னு பயந்துக்கிட்டே போவேன். யாரும் ஒண்ணும் சொல்லல." எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. சிரித்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

"சரி, இவ எடுத்ததக் காட்டு."

காட்டினேன். ஆன்டியின் முகம் சுருங்கியது.

"இப்படியாடி எடுப்பாங்க? பூசையில நன்மை அப்பம் வாங்குற மாதிரி பயபக்தியா எடுக்குறே! கழட்டு சேலைய."

சேலை மாறியது. "மூஞ்சி தெரியக் கூடாது, சொல்லிட்டேன்" என்றபடி ஆன்டி மேசைக்கு வந்தார். இடது கை முந்தானையைச் சரிசெய்வதுபோல் உதறியது. அந்த உதறலின் மறைவில் வலது கை பெட்டிகளை அள்ளியது. விளக்கு வெளிச்சத்தில் வீடே மின்னியது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஆனாலும் மேசை காலியானது எப்போதென்று தெரியவில்லை.

கோப்பைப் போட்டேன். மென்பொருள் அந்த இடத்திலேயே விழுந்தது. நானும் குளோரியாவும் கத்திக் குதித்தோம்.

"நானா உடைச்சேன்?"

"நீங்கதான் ஆன்டி! உலகத்துல வேற யாராலும் முடியல."

என் மூன்று வரியைச் சேர்த்து மறுபடி ஓட்டினேன். படம் தடையில்லாமல் ஓடி முடிந்தது. ஆன்டிக்கு அது பிடிக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் வேகமா எடுக்கட்டா?" என்று கேட்டார்.

"வேணாம் ஆன்டி, அது பொழச்சுப் போகட்டும். இதப் போடலாமா?"

"போடு. நாலு பேருக்கு உதவுதுன்னா போடு."

கேமராவைப் பையில் வைத்தேன். கிளம்பலாம் என்று எழுந்தபோது ஆன்டி வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"எங்க கெளம்பிட்டே? ஒங்கம்மாவுக்குப் போன் போடு, தேதி குறிக்கணும். இவ்வளவு தெரிஞ்சவன இனிமே வெளியில விட்டு வைக்க முடியாது."