கடைசி மூச்சு

வில்மர் தன் அம்மாவின் மூச்சுகளை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்துக்கொண்டிருந்தான். கணினித் திரையில் அம்மா ஒதிலியா சவப்பெட்டிக்குள் கண்மூடிப் படுத்திருந்தாள், நெஞ்சு வரை பூக்கள். நண்பன் எர்னானின் குறும்படத்துக்குப் பிணம் தேவைப்பட்டபோது வீட்டுக் கூடத்தையும் கொடுத்துத் தானே படுத்தும் கொடுத்தவள். ஆனால் அவள் இளைப்புக்காரி.

"கொஞ்சம் மூச்ச அடக்குங்கம்மா" என்று எர்னான் படப்பிடிப்பு அன்று கெஞ்சினான்.

"அடக்கினா நெஜமாவே போயிடுவேன். அப்புறம் உன் படத்துக்கு யாரு படுப்பா? சத்தத்த எடுக்கத்தான் என் புள்ள இருக்கான்ல."

கடைசி ஒன்று மிச்சமிருந்தபோது அக்கா லூஸ் டாரி அவன் காதிலிருந்த ஹெட்போனைப் பிடுங்கினாள்.

"எத்தன தடவடா கூப்பிடறது. அம்மாவுக்கு மூச்சு இல்ல."

அந்தக் கணம் அவன் திரையைத்தான் பார்த்தான். ஆமாம், இல்லைதான், நான்தானே எடுத்தேன் என்று நினைத்தான். பிறகுதான் அடுத்த அறைக்கு ஓடினான். ஓடி என்ன பயன்? சுவருக்கு அந்தப் பக்கம் அவள் திணறியது அவன் காதில் விழவே இல்லை. அதை நினைக்க நினைக்க அவனுக்குத் தன் காதுகளையே பிய்த்து எறியலாம் போலிருந்தது.

மறுநாள் அதே கூடத்தில், படத்தில் வைத்த அதே இடத்தில் பெட்டி இருந்தது. பெட்டிக்கு அடியில், ஆன்மாவின் தாகம் தீர ஒரு தம்ளர் தண்ணீர். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஜெபமாலை உருட்டினார்கள். எர்னான் காப்பியைக் குடிக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் நின்றான்.

"சாயங்காலத்துக்குள்ள அனுப்பலன்னா பட விழாவுல சேத்துக்க மாட்டாங்க. மன்னிச்சிக்கடா."

"பொணத்த இன்னும் எடுக்கல. கேக்க வாய் வருது பாரு" என்றாள் லூஸ் டாரி. கொஞ்ச நேரம் கழித்து அவளே தம்பியிடம் வந்தாள். "அம்மா அந்தப் படத்தப் பத்தி ஊரு பூரா சொல்லி வெச்சிருந்தா. போய் முடி."

மழை, மெழுகுவர்த்தி, தூரத்து நாய் என்று எல்லாச் சத்தங்களும் ஏற்கெனவே கலந்து முடிந்திருந்தன. அந்த ஒரு மூச்சுதான் பாக்கி. கேமரா முகத்தருகே வரும்போது, முடிவில் சின்ன விசில் சத்தத்தோடு வரும் மூச்சு. அழித்தான். கூடம் செத்துப்போனது. திரும்பக் கொண்டுவந்தான். மறுபடி அழித்தான். அம்மாவைத் தன் கையாலேயே கொன்று கொன்று எழுப்புவது போலிருந்தது. கடைசியில் அதை அழிக்காமல் விட்டுவிட்டு, அதைச் சுற்றியிருந்த மழைச் சத்தத்தை மட்டும் குறைத்தான். எர்னானுக்கு அனுப்பினான்.

அன்று மதியம் அடக்கம் முடிந்து வீடு திரும்பியதும் எர்னான் போனில் அழைத்தான்.

"கடைசில ஒண்ணு விட்டுட்ட வில்மர். பொணம் மூச்சு விடுது."

"கேக்குதா?"

"நல்லாவே கேக்குது. எடுத்துடு, இன்னும் நேரம் இருக்கு."

பெட்டி இருந்த இடத்தில் தண்ணீர்த் தம்ளர் மட்டும் அப்படியே இருந்தது.

"அத இன்னொரு தடவ போடு" என்று சொல்லிவிட்டு வில்மர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.