மூன்றாவது பாட்டில்

இன்றைக்கும் வாசனை ஒன்றும் இல்லை. கருகுகிறதா, பதமாக வேகிறதா, ஒரு எழவும் தெரியவில்லை. வாணலியில் இறைச்சி சத்தம் மட்டும் போடுகிறது. கடவுளே, இன்று ஒரு ராத்திரிக்காவது திருப்பிக் கொடேன்.

போன மழைக்காலத்தில் வந்த காய்ச்சல், போகும்போது அவள் மூக்கையும் கையோடு கொண்டுபோய்விட்டது. வேறு யாருக்காவது என்றால் ஐயோ பாவம் என்பதோடு முடிந்திருக்கும். அவளுக்கு அந்த மூக்குதான் பிழைப்பு. ஒயின் கடையில் பாட்டிலைத் திறந்து முகர்ந்து, தேறும் தேறாது என்று சொல்வது அவள் வேலை. கடையில் இன்னும் யாருக்கும் தெரியாது.

முதலாளிக்கு ஒரு பிடிவாதம். பழைய பிரெஞ்சு சிவப்பு ஒயினை வாங்குவதைக் கடையில் வைத்து முடிவு செய்ய மாட்டார். "வீட்டு மேஜையில, ஸ்டேக் கறியோட குடிச்சாத்தான் அது வாயைத் திறக்கும்" என்பார். அவள் சொல்லும்வரை தன் கோப்பையைத் தொடவும் மாட்டார். இன்று அவள் வீட்டுக்கு அவர் கொண்டுவந்த மூன்று பாட்டில்களும் ஒருவருடைய ஒயின் நிலவறையிலிருந்து வந்தவை. அவள் தலையாட்டினால் அங்கே இருப்பது மொத்தத்தையும் வாங்கிவிடுவார்.

"நல்லா இருந்தா உப்பு டப்பாவை உன் பக்கம் தள்ளுறேன். கெட்டுப்போயிருந்தா மிளகு. அவ்வளவுதானே?" என்றிருந்தான் கணவன். லிஃப்ட் பழுது பார்ப்பவன். கெட்டுப்போன ஒயின் நனைந்த அட்டைப்பெட்டிபோல் வாடை அடிக்கும் என்று அவள் சொன்னதிலிருந்து, குளியலறையில் அட்டையை ஊறப்போட்டு முகர்ந்து பழகிக்கொண்டிருந்தான்.

முதல் பாட்டிலுக்கு உப்பு நகர்ந்தது. காய்ந்த அத்தி, ஈர மண் என்று பழைய ஞாபகத்திலிருந்து எடுத்துவிட்டாள். இரண்டாவதற்கு மிளகு.

"இது போயிடுச்சு சார்."

முதலாளி இப்போதுதான் குடித்துப் பார்த்து முகம் சுளித்தார். "அடேயப்பா! உன் மூக்குக்குத் தனியா ஒரு இன்ஷூரன்ஸ் எடுக்கணும்மா."

கணவன் தேவைக்கு மேல் சிரித்தான்.

மூன்றாவதுதான் இருப்பதிலேயே பழையது. கணவன் முகர்ந்தான். இறைச்சியை ஒரு துண்டு வாயில் போட்டான். உப்பு டப்பாவை எடுத்து, தன் தட்டில் தூவி, கீழே வைத்தான். கொஞ்சம் அவள் பக்கமாக.

சைகையா? இறைச்சிக்கு உப்பு போதவில்லையா? நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. அவனும் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு வாய் குடித்தாள். நாக்கில் துவர்ப்பு, தொண்டையில் சூடு. அதற்கு மேல் எதுவுமில்லை. இருட்டில் சுவிட்சைத் தேடுவதுபோல் தேடினாள். கைக்குச் சுவரே அகப்படவில்லை.

"என்னம்மா, இப்படிச் சோதிக்கிற?" முதலாளி கைகளை மடியில் கோத்துக்கொண்டு, பந்திக்குக் காத்திருக்கும் பிள்ளைபோல் உட்கார்ந்திருந்தார். "வாங்கலாம்னு ஒரு வார்த்தை சொல்லு. காலையில போய் மொத்தத்தையும் முடிச்சிடறேன்."

மேஜைக்கடியில் கணவனின் கால் அவள் காலை இடித்தது. "சொல்லேம்மா, சார் கேக்குறாரில்ல."

ஈர மண், காய்ந்த அத்தி. எல்லாம் நாக்கு நுனியில் தயாராக நின்றன.

உப்பு டப்பாவை எடுத்துக் கணவன் தட்டருகே திருப்பி வைத்தாள்.

"நீங்க குடிச்சுப் பாருங்க சார்," என்றாள் மெதுவாக. "இதுக்கு நான் சொல்லமாட்டேன்."